அணியத்தில் எழுதிய பெயர்

இத்தாலிக்காரர்களின் போர்க்கப்பல் எங்கள் புன்னைத்துறைக்கு வந்த அன்று ஊரில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அது சாளை மீன் அள்ள அள்ள வந்துகொண்டிருந்த ஆவணி மாதம், பிளக்கிற வாய்க்கெல்லாம் வேறு வேலை இருந்தது. விடிந்து கரை திரும்பிய வள்ளக்காரர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நேற்றுவரை வெறும் தண்ணீராக இருந்த இடத்தில், இரண்டு புகைபோக்கியும் எட்டுப் பீரங்கியுமாக, உடம்பெல்லாம் சிப்பியும் பாசியும் மூடி, ஓட்டைகளிலிருந்தெல்லாம் தண்ணீர் வடிய வடிய அது நின்றுகொண்டிருந்தது. பத்து வருடத்துக்கு முன்பே, சண்டைக் காலத்தில், சீமைக் கடலில் முங்கிப்போன கப்பல் அது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்குத் தெரிந்ததெல்லாம் அது வலை இழுக்கிற பாதையில் குறுக்கே நிற்கிறது என்பதுதான்.

"எவம்ல இத வழியில கொண்டாந்து நட்டது?" என்று வள்ளக்காரர் கஸ்மீர் பர்னாந்து சத்தம் போட்டார்.

மேல்தட்டில் ஒருவர் எழுந்து நின்றார். முழங்கால்வரை கால்சட்டை, நைந்துபோன வெல்வெட்டுச் சட்டை, நெஞ்சுவரை தாடி, தாடியில் பொடிச் சிப்பி. "நாந்தான்யா. மன்னிச்சுக்கிடணும். இதுதானே முத்துக்கரை?" என்று கேட்டார்.

"முத்துக்கரைதான். இந்த வருசம் முத்துக்குளிக்கிற சலாபம் கெடையாது, சாளைதான் உண்டு" என்றார் கஸ்மீர்.

இத்தாலிக்காரருக்கு எங்கள் பேச்சு எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நானூற்று அறுபது வருடம் கடலடியில் கிடந்த மனிதர் அவர், அத்தனை வருடத்தில் எங்கள் கரைக்காரர்கள் எத்தனை பேர் அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

அவர் பெயர் லந்தோ கரெல்லி. கயிறு திரிக்கிறவரின் மகன். உலகத்தின் ஏதோ ஒரு கரையில் மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி முத்தோடு மேலே வருகிறார்கள் என்று யாரோ ஒரு மாலுமி சொன்ன கதையை நம்பி, பியெரினா என்கிற தன் பெண்சாதியிடம் "மூணு வருசத் தபசுக்காலம் கழியறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கப்பலோடு கிளம்பி, ஆப்பிரிக்கக் கரையோரம் இரண்டையும் தொலைத்து, தானும் தொலைந்து போனவர். கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆனாலும் பிற்காலத்தில் அவர் நாட்டுக் கடற்படை புதிதாகக் கட்டிய கப்பல்களுக்குப் பழைய கடலோடிகள் பெயரை வைக்க முடிவு செய்தபோது, பட்டியலில் ஒரு பெயர் குறைந்ததாம். எழுதுகிற குமாஸ்தா ஏதோ புத்தகத்தைப் புரட்டி, ஒன்றரை வரியில் கிடந்த இவரைத் தூக்கி எழுதிவிட்டார். அப்படி இவர் பெயரைச் சுமந்தது குரூசர் என்கிற போர்க்கப்பல், அதிலும் கனம் குறைந்த ரகம், வேகத்துக்காக இரும்புத் தகட்டை மெலிதாக வைத்துக் கட்டியது. ஓட்டிப் பார்த்த அன்று அதன் வேகத்தைப் புகழாத பத்திரிகை இல்லையாம். சண்டையில் ஆப்பிரிக்காவுக்குப் போகிற கப்பல்களுக்குக் காவல் போனது, எதிரிக் கப்பல்கள் சிலதை மூழ்கடித்தது, கடைசியில் ஒரே ஒரு டார்பிடோ பட்டதும் மெலிந்த தகடு தன் குணத்தைக் காட்டிவிட்டது.

முங்கிய கப்பலைக் கடலடியிலேயே நகர்த்திக்கொண்டு, சூயஸ் கால்வாயில் ஆழம் பத்தாது என்று ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, தான் செத்த இடத்தையும் தாண்டி, பத்து வருடத்தில் அவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். எதற்கு வந்தார் என்று மட்டும் சொல்லவில்லை. முத்துப் பார்க்க என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

எங்கள் கரையில் பெயர் எழுதிய கலம் என்றால் அது புனிதர் பெயராகத்தான் இருக்கும். சவேரியார், செபஸ்தியார், சந்தியாகப்பர், பனிமய மாதா என்று ஏதாவது ஒரு பெயர் இல்லாமல் எந்த வள்ளமும் தண்ணீரைத் தொட்டதில்லை, மனிதன் பெயரைப் படகுக்கு வைக்கிற அளவுக்கு யாருக்கும் புத்தி கெட்டதில்லை. ஆகவே கப்பலின் பின்பக்கத்தில் லந்தோ கரெல்லி என்று பாசிக்கடியில் எழுதியிருந்ததைப் படித்தவுடன், அவர் எங்களுக்குத் தெரியாத ஒரு புனிதர் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. மறுநாளே அவர் லந்தியார் ஆனார். "நான் சாமி இல்லய்யா, பாவி" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பாவி என்று தன்னைச் சொல்லாத புனிதர் எவராவது உண்டா? எங்கள் நம்பிக்கை இரட்டிப்பானது.

பங்குச் சாமியார் தல்மேதா மேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதினார். புனிதர்கள் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. வருவதற்குள் நாங்கள் அவருக்குத் திருவிழாக் கொடி ஏற்றிவிட்டோம். வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் கொடியை யார் சுமப்பது என்று அடித்துக்கொண்டு, பாதி வழி இவர்கள், பாதி வழி அவர்கள் என்று சமாதானமானது. சுங்க அதிகாரி ஒருவர் காரில் வந்து, எங்கிருந்து வந்த கப்பல் என்று கேட்டு, கடலடியிலிருந்து என்று லந்தியார் உண்மையைச் சொல்ல, அதற்கு ஏற்ற படிவம் கையில் இல்லை என்று திரும்பிப் போய்விட்டார். பெண்கள் பீரங்கிக் குழாய்களில் சாளையைக் காயப்போட்டார்கள். வேறெங்கும் காயாத அளவுக்கு அது நன்றாகக் காய்ந்தது. கப்பலுக்கடியில் நிழல் தேடி மீன் கூடியதால் அந்த வருடம் மீன்பாடு கொழித்தது, அதையும் லந்தியார் கணக்கில்தான் வைத்தோம். கால்வலி, கடன், மலடு, மாமியார் எல்லாவற்றுக்கும் மெழுகுதிரி எரிந்தது. அவர் மேல்தட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு, "என்னால ஒண்ணும் ஆகாதேம்மா" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரில் அவரிடம் எதையும் கேட்காதவள் ஒருத்திதான். கஸ்மீருடைய அண்ணன் பெண்சாதி கித்தேரி. அண்ணன் இஞ்ஞாசி ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பலில் கரி அள்ளிப்போடுகிற வேலைக்குப் போனவன். நாற்பத்தொன்றில் அந்தக் கப்பலும் அதிலிருந்தவர்களும் காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. செத்தான் என்று வரவில்லை. காணவில்லை என்றுதான் வந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவனுக்குச் சும்மா துக்கமணி அடிக்கமாட்டோம். அவனைத் தண்ணீரில் கண்டவன் ஒருவன் வந்து, கோயில் வாசலின் கடைசிப் படியில் கடலைப் பார்த்து நின்று, பெயரையும் அடையாளத்தையும் சொல்லி, 'நான் கண்டேன்' என்று சொல்ல வேண்டும். கண்ட சொல் என்று அதற்குப் பெயர். அது விழுகிறவரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறவன்தான். பெண்சாதி தாலியைக் கழற்றக் கூடாது, வெள்ளை உடுத்தக் கூடாது, சாப்பாட்டு நேரத்தில் அவன் வட்டிலில் சோறு வைக்காமல் இருக்கக் கூடாது. இஞ்ஞாசியோடு போனவர்களில் ஒருவரும் மிஞ்சாததால் கண்ட சொல் சொல்ல ஆளில்லை. பன்னிரண்டு வருடம் கித்தேரி அந்த வட்டிலில் சோறு வைத்து, ஆறியபிறகு எடுத்துக் கோழிக்குப் போட்டாள். அவளிடம் அவன் பெயர்கூட இல்லை, ஏனென்றால் புருசன் பெயரை எங்கள் பெண்கள் வாயால் சொல்லமாட்டார்கள். கம்பெனிக் காகிதத்துக்குப் பதில் எழுதியபோதுகூடப் பெயரைப் பக்கத்து வீட்டுச் சவேரியாள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கப்பல் வந்த எட்டாம் நாள் லந்தியார் கரையில் இறங்கி, யாரையும் விசாரிக்காமல் நேராகக் கித்தேரி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உம்ம வீட்டுக்காரனப் பத்தி ஒரு சங்கதி இருக்கும்மா" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்புட்டீரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப உக்காரும். சங்கதிய நாளைக்குச் சொல்லலாம்."

இஞ்ஞாசியின் வட்டிலிலேயே சோற்றைப் போட்டு, சாளைக் குழம்பு ஊற்றினாள். நானூற்று அறுபது வருடம் சாப்பிடாதவர் சாப்பிடுகிற மாதிரிதான் அவர் சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். மறுநாளும் அவர் வாயைத் திறக்கும் முன் அவள் "நாளைக்கு" என்றாள். ஆவணி போய் ஐப்பசி போய் தை வந்தது, தினமும் அவர் வந்தார், தினமும் அவள் நாளைக்கு என்றாள், அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். சாமிக்குச் சோறு போடுகிற பாக்கியம் அவளுக்குத்தான் என்று ஊர்ப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். எங்களுக்கு என்ன தெரியும்? கண்ட சொல் அவர் வாயில் இருக்கிறது, வாயில் சோறு இருக்கிறவரைக்கும் அது வெளியே வராது, வராதவரைக்கும் புருசன் உயிரோடு இருக்கிறான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் கப்பல் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. தை மாதம் மேல்தட்டு தண்ணீரைத் தொட்டது. மாசியில் பீரங்கிகள் முங்கின, பெண்கள் வேறு இடத்தில் மீனைக் காயப்போட்டார்கள். பங்குனியில் புகைபோக்கிகளின் விளிம்பு மட்டும் மிஞ்ச, லந்தியார் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றே எங்கள் மனுக்களைக் கேட்டார். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் கித்தேரி வீட்டுக்கு வந்தபோது வட்டிலுக்கு முன் உட்காரவில்லை.

"கப்பல் நாளைக்கு இருக்காதும்மா. அது போனா நானும் போயிருவேன். இன்னைக்கு நான் சொல்லலைன்னா ஒனக்குச் சொல்ல ஆளே கெடையாது. சொல்லவா, வேண்டாமா, நீ சொல்லு."

கித்தேரி அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். "சொல்லும்" என்றாள்.

"எம்பேர எழுதுன அன்னையிலருந்து அந்தக் கப்பலுக்குக் கீழயே என்னை இழுத்துக்கிட்டுப் போனாங்க. பேரு போற எடத்துக்கு ஆளும் போகணும்லா. பாதித் தூக்கத்துல கெடந்தேன். அது யாரைச் சுட்டாலும் எனக்குத் தெரியாது. அன்னைக்கு ஒரு கரிக் கப்பலைச் சுட்டுச்சு. அது முங்கிருச்சு. தண்ணியில ஒருத்தன் மட்டும் நீந்திக்கிட்டு கெடந்தான். நான் கீழருந்துதான் பாத்தேன். காலைத்தான் பாத்தேன். எடது குதிங்கால்ல, திருக்கை முள்ளு ஏறி ஆறுன பள்ளம்."

கித்தேரி வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான மறுமாதம் அந்த முள்ளைத் தன் பல்லால் கடித்து இழுத்தவளே அவள்தான்.

"கப்பல் நிக்கல. அவங்களுக்கு அவசரம், திரும்பிப் போறாங்க. மேல நின்ன ஒரு பையன் மட்டும் அவனுக்குக் கையை ஆட்டுனான். அந்தப் பையனும் ரெண்டு வருசத்துல கீழ வந்தான். கப்பல் திரும்புனப்பதான் பின்பக்கம் எழுதியிருந்த பேரு ஒம் புருசனுக்குத் தெரிஞ்சிருக்கு. எழுத்துக் கூட்டிப் படிச்சான். ஒங்க ஊர்க்காரன்தானே, பேரு எழுதியிருந்தா அது சாமி பேராத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டான். லந்தோவே, லந்தோவேன்னு கூப்புட்டான். எனக்காக வேண்டிக்கொள்ளும், என் பெண்சாதிக்காக வேண்டிக்கொள்ளும்னு அந்தி மட்டும் கூப்புட்டான். நான் செத்து இத்தனை வருசத்துல என்னை ஒரு ஆளு பேரு சொல்லிக் கூப்புட்டது அதுதாம்மா மொதத் தடவ. அதுலதான் முழிச்சேன். முழிச்சு என்ன செய்ய? நான் சாமி இல்லையே. தண்ணிக்கு மேல நீட்ட எனக்கு அன்னைக்குக் கை கெடையாது. கால் ஓயுறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். கீழ வந்தப்பொறவு பேரையும் ஊரையும் சொன்னான், நாந்தான் கண்ணை மூடுனேன்."

கித்தேரி பேசினாள். அந்தக் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"கூப்புட்டப்ப வராம, பன்னெண்டு வருசம் கழிச்சு அவிய வட்டில்ல சோறு திங்க வந்தீராக்கும்!"

"ஆமாம்மா" என்றார் அவர். "கூப்புட்ட எடத்துக்கு வர முடியல. அவன் வீட்டுக்காவது வரணும்னு வந்தேன்."

அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தெருவில் கூடி நின்ற எங்களில் ஒருவருக்கும் உள்ளே போகத் தைரியமில்லை. எட்டு மாதமாக நாங்கள் மெழுகுதிரி ஏற்றிய அதே தப்பைத்தான் இஞ்ஞாசியும் தண்ணீரில் கிடந்து செய்திருக்கிறான் என்று புரிந்தபோது எங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் எழுந்து, முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, "வாரும்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். ஊரே பின்னால் போனது.

லந்தியார் கடைசிப் படியில் கடலைப் பார்த்து நின்று, புன்னைத்துறை இஞ்ஞாசி பர்னாந்து என்று பெயர் சொல்லி, குதிங்கால் தழும்பைச் சொல்லி, "நான் கண்டேன்" என்றார். கோயில்பிள்ளை தஸ்நேவிஸ் மணி அடித்தார். வயதுக்கு ஓர் அடி என்பது முறை, முப்பத்தொரு அடி. சவேரியாள் வந்து கித்தேரியின் தாலியைக் கழற்றினாள். கழற்றும்போது கித்தேரி அசையவில்லை. எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நாங்கள் திரும்பினோம்.

அவள் திரும்பவில்லை. "உம்ம பெண்சாதிக்கு யாரு கண்ட சொல் சொன்னா?" என்று அவரிடம் கேட்டாள்.

"யாருமில்ல."

"அப்ப அவ செத்த அன்னைக்கும் உமக்குச் சோறு வச்சிட்டுத்தான் செத்திருப்பா."

அவர் தாடி நடுங்கியதை எல்லாரும் பார்த்தோம். கித்தேரி அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அதே படியில் ஏறி, கடலைப் பார்த்து நின்றாள். பெண்கள் கண்ட சொல் சொன்னது அதற்குமுன் எங்கள் ஊரில் இல்லை. தல்மேதா சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கயித்துக்காரர் மவன் லந்தோ கரெல்லி. தாடியில சிப்பி. நான் கண்டேன். உமக்காகச் சொல்லல, கேட்டுக்கிடும். அந்தப் பொம்பள பியெரினாவுக்காகச் சொல்லுதேன்."

"எத்தன அடி?" என்று தஸ்நேவிஸ் மேலேயிருந்து கேட்டார்.

"அவ எத்தன வருசம் காத்திருந்தாளோ யாருக்குத் தெரியும்? கை ஓயுற மட்டும் அடி."

தஸ்நேவிஸ் கை ஓயுமட்டும் அடித்தார். ஓய்ந்தபோது படிக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஈர மணலும் பொடிச் சிப்பியும் கிடந்தன, கடலில் புகைபோக்கி இருந்த இடத்தில் தண்ணீர் தட்டையாக இருந்தது. வலை இழுக்கிற பாதை திறந்துவிட்டதே என்று யாரும் அன்று சந்தோசப்படவில்லை.

லந்தியாருக்குத் திருவிழா எடுக்கிறதை நாங்கள் விட்டுவிட்டோம். கித்தேரி வட்டிலைக் கழுவி, பரணில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. ஆடியில் கஸ்மீர் புது வள்ளம் கட்டினார். பெயர் எழுதுகிற அன்று அவள் கரைக்கு வந்தாள்.

"கொழுந்தனாரே, பின்னால எழுதாதிய. அணியத்துல எழுதுங்க" என்றாள்.

அணியம் என்பது வள்ளத்தின் முன்மூக்கு, அலையை வெட்டுகிற இடம். அங்கே எழுதினால் சாயம் நிற்காது, அடிக்கடி தீட்ட வேண்டும் என்று கஸ்மீர் சொன்னார்.

"தீட்டுங்க. பின்னால எழுதுன பேரு, விட்டுட்டுப் போறப்பதான் தெரியுது. தண்ணியில கெடக்கிறவனுக்கு, வாறப்பத் தெரியணும்லா. அப்புறம், அந்தப் பேரச் சொல்லி யாரு கூப்புட்டாலும் வள்ளம் திரும்பணும். என்ன அவசரமா இருந்தாலும் திரும்பணும்."

கஸ்மீர் தலையாட்டினார். என்ன பெயர் எழுத என்று அவர் கேட்கவில்லை. எங்கள் கரையில் முதன்முதலாக ஒரு வள்ளத்தின் மேல், புனிதர் இல்லாத, கரி அள்ளப்போய்ச் செத்த ஒரு சாதாரண மனிதனின் பெயர் ஏறியது. சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். இப்போது புன்னைத்துறையில் எல்லா வள்ளத்துக்கும் அணியத்தில்தான் பெயர், வருடத்துக்கு நாலு தடவை தீட்டுகிறோம், கூப்பிட்டால் திரும்புகிறோம்.

முதல் பாடு முடிந்து அந்த வள்ளம் மத்தியானம் கரையை நோக்கி வந்தபோது கித்தேரி மணலில் நின்றிருந்தாள். கஸ்மீர் வழக்கம்போல வடக்கே ஒதுங்கி ஏற்றுவதற்காகச் சுக்கானைத் திருப்பினார். அவள் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பு வரைக்கும் போனாள், நெஞ்சு வரைக்கும் போனாள். அங்கே நின்று, இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பெயரை, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"இஞ்ஞாசீ!"

வள்ளம் திரும்பி, நேராக அவளிடம் வந்தது.